ஈஆர்பியில் தரவு பொருந்தாமல் பிழை வந்தால்: வன்னி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கிளிநொச்சி, பரந்தன், வவுனியாப் பக்கத்து அரிசி ஆலைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், உரமும் விதைநெல்லும் விற்கும் கடைகளிலும் கணக்கு மெல்ல மெல்ல ஈஆர்பி மென்பொருளுக்குள், அதாவது வாங்கல், விற்பனை, கையிருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருக்கும் மென்பொருளுக்குள், போய்க்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் கொஞ்சம் கணனி தெரிந்த ஒருவரைப் பிடித்து, "இதை நீங்கள் பாருங்கோ" என்று ஒப்படைத்துவிடுவார்கள். அந்த ஒருவர் நீங்கள் என்றால் இது உங்களுக்காகத்தான்.

நெல் வாங்கி, அரிசியாக்கி, சில கிளைகள் வழியாக விற்கும் ஓர் இடத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மென்பொருளை நிறுவித் தந்தவர்கள் போன பிறகு, மாதக் கணக்கை மூடவிடாமல் வந்த பிழைகளை அவிழ்க்க ஒரு போகம் முழுதும் போயிற்று. பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை. நீங்களும் அதே இருட்டுக்குள் நிற்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் கைப்பட வேலை செய்தவை ஓடூவும் ஈஆர்பிநெக்ஸ்டும். வேறு மென்பொருள் என்றாலும் வழி இதுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி எங்கே தோன்றுகிறதோ, பிழை பெரும்பாலும் அங்கே இருக்காது. விற்பனை பில் பதிவாகாமல் நிற்கும். காரணத்தைத் தேடிப் போனால், பல மாதத்துக்கு முன் யாரோ மாற்றிய ஒரு அலகோ வரியோ அகப்படும். ஆகவே தேடும்போது பின்னோக்கிப் போங்கள்: பில், அதிலுள்ள பொருள் அல்லது ஆள், அதற்குப் பின்னால் இருக்கும் அமைப்பு. திருத்தும்போது முன்னோக்கி வாருங்கள்: அமைப்பை முதலில், பொருள் மற்றும் ஆட்களின் பதிவை அடுத்து, பில்லைக் கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றினால் இன்று திருத்தியது நாளைக்குத் திரும்ப வரும்.

1. கை வைப்பதற்கு முன் சாட்சியைச் சேருங்கள்

பிழை வந்ததும் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதும், பில்லை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதும்தான் எல்லா இடத்திலும் நடக்கிறது. இரண்டுமே வேண்டாம். கீழ்க்கண்டவற்றை ஒரு கோப்பில் போடுங்கள்:

- பிழைச் செய்தி முழுவதும், எழுத்தாக. போனில் எடுத்த படம் போதாது, படத்துக்குள் தேட முடியாது. நீளமாக வரும் செய்தியில் கடைசி வரிதான் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லும். படத்தில் அதுதான் வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.
- நேரம், பயனர் பெயர், கிளை, பில் இலக்கம்.
- சேர்வரின் லொக் கோப்பில் (நடந்ததையெல்லாம் மென்பொருள் தானாகக் குறித்து வைக்கும் கோப்பு) அந்த நேரத்துப் பகுதி. பல சேர்வர்களில் பழைய லொக் தானாக அழிந்துவிடும், அதனால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.
- கடைசியாக எது மாறியது? புதிய வரி, புதிய கிளை, எக்செல்லில் இருந்து ஏற்றிய பட்டியல், மென்பொருளின் புதிய பதிப்பு. சொல்ல யாரும் முன்வரமாட்டார்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள், பதில் வரும்.

2. பேக்கப் எடுங்கள், அதைத் திறந்தும் பாருங்கள்

பேக்கப் தானாக ஓடுகிறது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். வேறொரு கணனியில் அதை மீட்டெடுத்து, நேற்றைய பில் ஒன்றை அதில் திறந்து பார்த்த பிறகுதான் அது பேக்கப். ஓடூவில் தரவுத்தளம் வேறு, இணைத்த கோப்புகள் இருக்கும் ஃபைல்ஸ்டோர் வேறு. தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் ஸ்கேன் செய்து வைத்த அடையாள அட்டைப் பிரதிகள் எதுவும் வராது. ஈஆர்பிநெக்ஸ்டிலும் கோப்புகளையும் சேர்த்து எடு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

மீட்டெடுத்த அந்தப் பிரதிதான் இனி உங்கள் பரீட்சைக் களம். எல்லாத் திருத்தமும் முதலில் அங்கேதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிரதியும் உயிருள்ள சேர்வர் போலவே மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பும். பிரதியைத் திறந்தவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், வெளியே செல்லும் அஞ்சல் அமைப்பையும் தானாக ஓடும் வேலைகளையும் நிறுத்துங்கள். "உங்கள் நெற்பணம் வைப்பிலிடப்பட்டது" என்று ஒரு பரீட்சைச் செய்தி கமக்காரர் போனுக்குப் போய், அவர் வங்கிக்கு பஸ் ஏறிப் போய்த் திரும்புவது சின்ன விஷயமல்ல.

செலவு என்று பார்த்தால் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், சேர்வருக்கு ஒரு யூபிஎஸ் (மின்சாரம் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி). கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரம் வெட்டி வெட்டி வரும் நாட்களில் யூபிஎஸ் இல்லாத சேர்வரில் பேக்கப்பையே நம்ப முடியாது. இந்த இரண்டுக்கும் முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

3. ஒரே ஆள் இரண்டு பேராக இருக்கிறாரா?

வன்னியில் நான் பார்த்த முரண்பாடுகளில் அதிகமானவை இந்த வகை. முற்பணம் ஒரு பெயரில், நெல் கொடுத்தது இன்னொரு பெயரில். நிலுவை அறிக்கையில் அவர் ஒரு பக்கம் கடன்காரர், மறுபக்கம் நாம் அவருக்குக் கடன்.

முதற்காரணம் அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதிய அட்டையில் 12 இலக்கம். அட்டை மாற்றியவர் இரண்டாவது முறை வந்தால் புதிய ஆளாகப் பதிவாகிவிடுவார். மென்பொருளுக்கு இரண்டும் வேறுவேறு எழுத்துச் சரங்கள், அதனால் எச்சரிக்கை வராது. பழையதைப் புதியதாக்குவது எளிது: முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின் ஒரு 0 சேர்க்கவும், கடைசி எழுத்தை எடுத்துவிடவும். எல்லாரையும் 12 இலக்கத்துக்கு மாற்றிய ஒரு நிரலை எக்செல்லில் உண்டாக்கி, இரட்டித்தவற்றை அதில் தேடுங்கள்.

இரண்டாவது, தமிழ் எழுத்து. பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பைதான் உள்ளே போகும். யூனிகோடிலும் ஒரு மறைவான சிக்கல் உண்டு. "கொ" என்பதை ஒகர அடையாளம் ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரே மாதிரித் தெரியும், தேடினால் ஒன்று மட்டும் வரும். "ஸ்ரீ"யும் இப்படித்தான், இரண்டு வழியில் உள்ளே போகிறது. பட்டியலை ஏற்றும் முன் என்எஃப்சி என்ற ஒருமுகப்படுத்தலை (இரண்டு விதமாகச் சேமித்த எழுத்தை ஒரே விதமாக்குவது) செய்துவிட்டால் ஒகரச் சிக்கல் தீரும். ஸ்ரீ அதில் மாறாது, அதைத் தேடிப்பிடித்துக் கையால்தான் ஒன்றாக்க வேண்டும்.

மூன்றாவது, பெயரே வேறுபடுவது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். முதலெழுத்து முன்னால் வரும், சிலவேளை தந்தை பெயர் முழுதாக வரும். இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்து பின்னர் பிரதி எடுத்தவர்கள் இங்கே ஏராளம். பெயர் பொருந்தவில்லை என்பதற்காக யாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்காதீர்கள், கவுண்டரில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியும் வாங்கிக் கோப்பில் வையுங்கள், அது போதும்.

எல்லாம் பார்த்த பிறகுதான் இரண்டு பதிவை ஒன்றாக்க வேண்டும். இணைத்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. தகப்பனும் மகனும் ஒரே முதலெழுத்தோடு ஒரே முகவரியில் இருப்பது நம் ஊரில் அதிசயமில்லை. தவறாக இணைத்தால் ஒருவரின் நெற்பணம் மற்றவரின் கணக்குக்குப் போகும்.

4. மூட்டையா, கிலோவா?

கையிருப்பு அறிக்கையில் நம்ப முடியாத ஒரு எண் வந்தால் முதலில் அலகைப் பாருங்கள். நம் ஆட்கள் மூட்டையிலும் புசலிலும் பேசுவார்கள். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 20.9 கிலோ. மூட்டைக்கு அப்படி ஒரு நிலையான எடை கிடையாது. சாக்கும் ஈரமும் இடமும் மாற எடையும் மாறும். எனவே நெல்லுக்கு அடிப்படை அலகு கிலோதான், மூட்டை எண்ணிக்கையைத் தகவலாக மட்டும் வேறொரு கட்டத்தில் பதியுங்கள். மூட்டை ஒன்றுக்கு இத்தனை கிலோ என்று மாற்று விகிதம் போட்டு வைத்திருந்தால், லொறித் தராசின் துண்டும் மென்பொருளும் ஒருநாளும் சந்திக்காது. அரிசிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பொதியின் எடை முன்கூட்டியே தீர்மானித்தது.

அலகைப் பிழையாக வைத்து வியாபாரமும் நடந்துவிட்டதென்றால்? மாற்றப் போனால் இரண்டு மென்பொருளும் மறுக்கும். பரிவர்த்தனை இருக்கிறது, அடிப்படை அலகை மாற்ற முடியாது என்று செய்தி வரும். அந்தத் தடை உங்கள் நன்மைக்குத்தான். தரவுத்தளத்துக்குள் நேரடியாகப் போய் அலகை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பழைய பில் எல்லாவற்றின் அளவும் அந்த நொடியில் பொய்யாகிவிடும். சரியான வழி: சரியான அலகோடு ஒரு புதிய பொருளை உண்டாக்குங்கள், ஒரு நாளைக் குறித்துக் களஞ்சியத்தை எண்ணி நிறுங்கள், பழைய பொருளின் கையிருப்பைச் சுழியமாக்கி அதே பெறுமதியில் புதியதற்குக் கொண்டுவாருங்கள், பழையதைச் செயலற்றதாக்குங்கள், அழிக்க வேண்டாம். எண்ணிய தாளில் களஞ்சியப் பொறுப்பாளர், கணக்காளர் இருவரும் ஒப்பமிட வேண்டும். கணக்காய்வாளர் கேட்கும் முதல் ஆவணம் அதுதான்.

5. கையிருப்புப் பெறுமதியும் பேரேடும் ஒத்துப்போகாவிட்டால்

ஈஆர்பிநெக்ஸ்டில் கையிருப்புப் பெறுமதியையும் கணக்குப் பெறுமதியையும் ஒப்பிடும் அறிக்கை ஒன்று இருக்கிறது. எந்த வவுச்சரில் வித்தியாசம் தொடங்கியது என்று அது காட்டும். நான் பார்த்த காரணங்கள் இரண்டு. ஒன்று, கையிருப்புக் கணக்குக்குள் யாரோ கையால் ஜேர்னல் (நேரடிக் கணக்குப் பதிவு) போட்டது. இரண்டு, இல்லாத பொருளை விற்றது. அறுவடைக் காலத்தில் இரவில் வரும் நெல்லைத் தராசில் நிறுத்துவிட்டு, பில்லை அடுத்தநாளோ அதற்கடுத்த நாளோ பதிவார்கள். அதற்கிடையில் அரிசி விற்பனை பதிவாகிவிடும். கையிருப்பு கழித்தலுக்குப் போக அனுமதித்து வைத்திருந்தால் மென்பொருள் தடுக்காது, ஆனால் அடக்கவிலை குழம்பிவிடும்.

முதலில் அந்த அனுமதியை நிறுத்துங்கள். அடுத்து விடுபட்ட வரவுகளைச் சரியான திகதியில் பதிந்து, பெறுமதியை மறுபடி கணக்கிடும் வேலையை ஓடவிடுங்கள். அது பின்னணியில் ஓடும், பதிவுகள் நிறைய இருந்தால் பல மணிநேரம் எடுக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து சேர்வரை நிறுத்தித் தொடக்கினால் பாதியில் அறுந்து இன்னும் மோசமாகும். மாலையில் தொடக்கிவிட்டு, காலையில் வந்து பாருங்கள்.

6. வரி வீதம், திகதி, நேரம்

வற் (பெறுமதி சேர் வரி) பதிவு உள்ள இடமானால் இதைக் கட்டாயம் பாருங்கள். 2024 ஜனவரி 1 இல் வீதம் 15 இலிருந்து 18 ஆயிற்று. புதிய வரியை உண்டாக்காமல், பழைய வரிப் பதிவையே திறந்து 15 ஐ 18 ஆக்கிய இடங்கள் உண்டு. அப்படியானால் 2023 ஆம் ஆண்டுப் பில்லுக்கு இன்றைக்கு ஒரு திருப்பி வரவு (கிரெடிட் நோட்) போட்டால் அது 18 இல் கணக்கிடும், பில்லோடு பொருந்தாது. வீதம் மாறும் ஒவ்வொரு முறையும் புதிய வரிப் பதிவு, பழையது செயலற்றதாகும். ஏற்கெனவே வரி அறிக்கை கொடுத்து முடித்த காலத்துப் பில்லை உங்கள் கணக்காளர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

நேரம் இன்னொரு மறைவான இடம். ஓடூ நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து, திரையில் நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். நாம் ஐந்தரை மணிநேரம் முன்னால் இருக்கிறோம். பெப்ரவரி 1 அதிகாலை 2 மணிக்குத் தராசில் நிறுத்த நெல், தரவுத்தளத்துக்குள் ஜனவரி 31 இரவு 8.30 என்று இருக்கும். தரவுத்தளத்திலிருந்து நேரடியாக எடுக்கும் அறிக்கையில் அது போன மாதத்துக்குள் விழும். மாதமுடிவில் மட்டும் வித்தியாசம் வருகிறதென்றால் இதைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு பயனரின் நேர வலயமும் ஆசியா/கொழும்பு என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

7. எக்செல்லில் இருந்து ஏற்றும்போது

இங்கே போகும் தரவுதான் அதிகம் கெடுகிறது, யாருக்கும் தெரியாமல் கெடுகிறது. 12 இலக்க அடையாள அட்டை எண்ணை எக்செல் ஒரு எண்ணாக நினைத்து அடுக்கு வடிவத்தில் (1.99E+11 போல) சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (மென்பொருளுக்குள் ஏற்றும் வெறும் உரைக் கோப்பாக) சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். தொலைபேசி எண்ணின் முதல் 0 காணாமற்போகும். தட்டத் தொடங்கும் முன்னமே அந்த நிரல்களை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள், பிறகு மாற்றிப் பயனில்லை. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 சிஎஸ்வியைத் தெரிவு செய்யாவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறி.

திகதியில் நாளும் மாதமும் இடம் மாறும். 12 ஆம் திகதிக்குள் உள்ளவை மட்டும் மாறும் என்பதால் பாதிப் பட்டியல் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஏற்றிய பின், இன்னும் வராத மாதத்தில் பில் ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றி முடிந்து அடுத்த பதிவைக் கையால் போடும்போது "டூப்ளிகேட் கீ" என்று தொடங்கும் பிழை வந்தால், மென்பொருள் தானாகக் கொடுக்கும் பதிவு எண் ஓட்டம் பின்தங்கி நிற்கிறது என்று பொருள். இலக்கங்களையும் சேர்த்து ஏற்றியதால் வருவது. எண்ணோட்டத்தைக் கடைசி இலக்கத்துக்கு அடுத்ததாக நகர்த்தினால் தீரும். எதையும் அழிக்கத் தேவையில்லை.

8. உண்மையான சேர்வரில் திருத்துவது

பிரதியில் சரிவந்த பிறகு மட்டும். பத்துப் பதிவைத் திருத்தி, ஐந்தொகையும் கையிருப்பும் பார்த்து, அப்புறம் மிச்சம். திருத்தத்துக்கு முந்திய அறிக்கை, பிந்திய அறிக்கை, காரணம், அனுமதித்தவரின் ஒப்பம் ஆகிய நான்கும் ஒரு தாளில் இருக்கட்டும். வாய்ச்சொல் அனுமதியில் ஒரு ரூபாவைக்கூட நகர்த்தாதீர்கள். பிறகு கேள்வி வந்தால் தனியே நிற்பது நீங்கள்தான். முடிந்த மாதத்துக்குப் பூட்டுத் திகதி போட்டுவிடுங்கள், அதற்கு முந்திய பதிவை யாரும் மாற்றாதிருக்க.

9. வெளியாள் தேவைப்பட்டால் செலவு

ஈஆர்பிநெக்ஸ்டும் ஓடூவின் சமூகப் பதிப்பும் இலவசம். பணம் போவது ஆளின் நேரத்துக்கு. மணிக்கணக்கா, வேலைக்கணக்கா? வற் சேர்த்த தொகையா, அதன் மேல் 18 வீதம் வருமா? கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தால் போக்குவரத்து யார் பொறுப்பு? என்ன மாற்றினார் என்று எழுதித் தருவாரா? இவ்வளவையும் வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். முதலாம் படியில் சேர்த்த கோப்பை அனுப்பினால், அவர் தேடுவதற்குச் செலவிடும் நேரம் குறையும், பில்லும் குறையும்.

உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அவருக்கென்று ஒரு பயனர் கணக்கு திறந்து, வேலை முடிந்த அன்றே மூடுங்கள். கமக்காரர்களின் அடையாள அட்டை, வங்கி விபரம் உள்ள பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பித் தந்த விபரம் அது.

10. எந்த நாளில் செய்வது

காலபோக அறுவடை நெல் வந்து குவியும் மாசி, பங்குனியில் எதையும் திருத்தத் தொடங்காதீர்கள். பிழையைக் குறித்து வையுங்கள், பேக்கப்பை மட்டும் கவனியுங்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பின் ஒரு இடைவெளி கிடைக்கும். மழைக்கு முன் ஐப்பசித் தொடக்கத்தில் இன்னொன்று. மாதத்துக்குள் என்றால் சம்பள வரி 15 க்குள், வற் 20 க்குள், ஊழியர் சேமலாப நிதி அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். எனவே 20 முடிந்து, மாதமுடிவு நெருக்கத் தொடங்கும் முன் வரும் நாட்கள்தான் உங்களுக்கு. வெள்ளிக்கிழமை மாலை திருத்தினால் சனி, ஞாயிறு பார்க்க நேரமிருக்கும். சனியும் கடை திறக்கும் இடமென்றால் ஞாயிறு காலை.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் மூன்றைப் பார்த்து எழுதி வையுங்கள்: தராசுத் துண்டுகளின் மொத்தக் கிலோவும் நெல் வரவின் மொத்தமும், கையிருப்புப் பெறுமதியும் பேரேட்டு மீதியும், அந்த வாரம் சேர்ந்த புதிய ஆட்களில் 12 இலக்கம் இரட்டித்தவை. வித்தியாசம் வந்தால் அந்த ஒரு வாரத்துப் பில்களை மட்டும் புரட்டினால் போதும்.